குழந்தையின் இரத்தத்தில் ஈசினோபில் கூடினால் அது ஆஸ்துமாவா?

தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் கட்டத் தொடங்கியதும், திருத்துறைப்பூண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து இருமலோடும் இரைப்போடும் குழந்தைகள் வருகின்றனர். பெற்றோர் பலர் கையில் இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றும் இருக்கும். அதில் ஈசினோபில் கூடுதல் என்றிருந்தால், குழந்தைக்கு ஆஸ்துமா என்று தாங்களே முடிவு செய்து கலங்கி நிற்பதைக் காண்கிறோம்.

ஈசினோபில் என்பது நோயின் பெயரன்று. வெள்ளையணுக்களில் ஒரு வகை. ஒவ்வாமையிலும் குடற்புழுத் தொல்லையிலும் அது பெருகும். விழுக்காட்டை மட்டும் பார்ப்பதும் சரியன்று. மொத்த வெள்ளையணுக்கள் 8,000 உள்ள குழந்தைக்கு 6 விழுக்காடு என்பது 480. 14,000 உள்ள குழந்தைக்கு அதே 6 விழுக்காடு 840. ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 வரை இயல்பெனக் கொள்கிறோம். அதனால்தான் விழுக்காட்டோடு நில்லாமல் நேரடி எண்ணிக்கையையும் கேட்கிறோம். ஐஜிஈ என்னும் மற்றொரு பரிசோதனையும் இப்படித்தான். ஒவ்வாமையாலும் உயரும், புழுவாலும் உயரும். வெறுங்காலுடன் வயல் வரப்பில் ஓடி விளையாடும் குழந்தைக்கு முதலில் புழுவை நினைப்பதே முறை.

யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலவிய காவிரிப் படுகையில் இன்னொன்றையும் மறக்கலாகாது. 1940-ஆம் ஆண்டில் மதனப்பள்ளி அருகிலுள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் பிரிமோட்-மோலர், பார்ட்டன் என்னும் மருத்துவர்கள், காசநோய் போலத் தோன்றிய, ஆனால் ஈசினோபில் மிகுந்திருந்த நோயாளிகளைப் பற்றி எழுதினர். 1943-இல் வைன்கார்ட்டன் அதற்கு ‘வெப்பமண்டல ஈசினோபீலியா’ என்று பெயரிட்டார். யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகளுக்கு உடல் காட்டும் மிகையான எதிர்ப்பே அது என்பது பின்னர் தெளிவாயிற்று. இரவில் வாட்டும் இருமல், இரைப்பு, 3,000-க்கு மேற்பட்ட எண்ணிக்கை ஆகியவை அதன் குறிகள். பெரும்பாலும் இளைஞர்களுக்கே வருவது. குழந்தைகளிடமும் அரிதாக உண்டு. அதற்கு மருந்து இன்ஹேலர் அன்று. டையீதைல்கார்பமசின் மாத்திரை, வழக்கமாக மூன்று வாரம்.

அப்படியானால் இந்தப் பரிசோதனையால் என்ன பயன்? அடிக்கடி இரைப்பு வரும் சிறு குழந்தைக்குப் பிற்காலத்தில் ஆஸ்துமா நிலைக்குமா என்று கணிக்க, பெற்றோரின் ஆஸ்துமா, குழந்தையின் தோல் கரப்பான் போன்றவற்றோடு இதையும் ஓர் அடையாளமாகச் சேர்த்துப் பார்க்கிறோம். ஆஸ்துமா உறுதியான பிறகு, எண்ணிக்கை மிகுந்த குழந்தைக்கு இன்ஹேலர் வழியே தரும் ஸ்டீராய்டு நன்கு பயனளிக்கும் என எதிர்பார்க்கலாம். நோயை உறுதி செய்வது மட்டும் குழந்தையின் வரலாறும், மார்பில் கேட்கும் ஒலியும், ஐந்தாறு வயதுக்கு மேல் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியுமே.

எங்களை மிகவும் வருந்தச் செய்வது வேறொன்று. ஸ்டீராய்டு மாத்திரையோ மருந்துநீரோ கொடுத்த சில மணி நேரத்திலேயே ஈசினோபில் குறைந்துவிடும். மறுநாள் எடுத்த பரிசோதனையில் எண் இறங்கியிருப்பதைக் கண்டு, நோய் போயிற்று என இன்ஹேலரை நிறுத்திவிடுகின்றனர். சில வாரங்களில் குழந்தை நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருகிறது. ஆகவே பழைய தாள்கள் அனைத்தையும் தேதியோடு கொண்டுவாருங்கள். பரிசோதனைக்கு முன் எந்த மருந்து, எத்தனை நாள் கொடுத்தீர்கள், பள்ளியில் புழு மாத்திரை கடைசியாக எப்போது விழுங்கிற்று என்பதையும் எழுதி வாருங்கள். மருந்துச் சீட்டு இல்லையெனில் காலிப் புட்டியே போதும்.