தோலும் தழையும் குப்பையல்ல

காய் நறுக்கும்போது நம் கை தானாகவே தோலையும் தண்டையும் குப்பைக்கூடைக்குத் தள்ளிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதி அடுப்பையே பார்ப்பதில்லை. ஜப்பானியரின் பழைய வீட்டுச் சமையலில் இவற்றுக்கும் தனித்தனிப் பக்குவம் உண்டு. இம்மாதம் அதைப் படிப்போம்.

ஒரு பொருள் பயன் தீருமுன் வீணானால், ஜப்பானியர் 'மொத்தாய்னாய்' என்பார்கள். "அடடா, வீணாகிறதே" என்ற வருத்தம் அச்சொல்லில் இருக்கிறது. 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற கென்யாவின் வங்காரி மாத்தாய், 2005இல் ஜப்பான் சென்றபோது இச்சொல்லை அறிந்து, உலகெங்கும் எடுத்துச் சொன்னார்.

முள்ளங்கித் தோல்: தீக்குச்சி போல் மெல்லிசாக நறுக்கி, எள்ளெண்ணெயில் வதக்கி, சோயா சாஸ், சர்க்கரை, சிறிது மிளகாய் சேர்த்து, நீர் வற்றும்வரை கிளறி, எள் தூவுவார்கள். இதன் பெயர் 'கின்பிரா'. கேரட் தோலையும் ப்ரோக்கோலித் தண்டையும் இப்படியே செய்யலாம்.

முள்ளங்கித் தழை: கொதிநீரில் சற்று வேகவைத்துப் பிழிந்து, பொடியாக நறுக்கி, உப்புச் சேர்த்துச் சூடான சோற்றில் கலப்பார்கள். இது 'நாமேஷி', அதாவது கீரைச்சோறு.

அரிசித் தவிடு: தவிட்டில் உப்பும் நீரும் பிசைந்து, அதில் காய்களைப் புதைத்து ஊறுகாய் போடுவது 'நுகாஸுகே'. புதிதாகப் பிசைந்த தவிட்டில் முதல் சில நாட்கள் முட்டைக்கோஸின் வெளி இலை, முள்ளங்கித் தழை போன்றவற்றைப் புதைத்து எடுப்பார்கள். தவிடு நன்கு புளித்துப் பதமாவதற்காக இந்த ஏற்பாடு. தவிட்டைத் தினமும் கையால் கிளறிவிட வேண்டும், தவறினால் கெட்டுவிடும்.

இரண்டு விஷயங்களில் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஜப்பானியச் சமையல் குறிப்புகளில் வரும் 'மிரின்' என்பது சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் உள்ள இனிப்பு மது, 'சாக்கே'யும் மதுவே. இவை நமக்கு ஆகுமானவை அல்ல. மிரினுக்குப் பதிலாகச் சிறிது சர்க்கரையும் தண்ணீரும் போதும். சோயா சாஸிலும் ஆல்கஹால் சேர்க்கப்பட்டுள்ளதா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். அடுத்து, எல்லாத் தோலும் உண்ணத் தக்கதல்ல. பச்சையேறிய உருளைக்கிழங்கின் தோலிலும் முளையிலும் நச்சு உண்டு. அவற்றை எறிந்துவிட வேண்டும். மற்றத் தோல்களை நன்கு தேய்த்துக் கழுவிய பிறகே நறுக்க வேண்டும்.

ஒரு சிறு பயிற்சி: இன்று சமைக்கும்போது கழியும் தோல், தண்டு, தழை எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் சேர்த்து வையுங்கள். இரவு பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அதில் எது நாளைய கறியாகும் என்று அவர்களையே கேளுங்கள். வீண்விரயத்தைத் தவிர்க்கும் பழக்கம் நம் வீட்டில் அங்கே தொடங்கட்டும்.