பெட்டிகளில் எதை முதலில் பிரிப்பது?

நோட்டன் பிரிட்ஜ்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அலமாரியில் ஒட்டப்படாமலே சேர்ந்துவிட்ட விமான மாதிரிப் பெட்டிகளின் ஜாபிதாவை அனுப்பி, அடுத்து எதைக் கையில் எடுப்பது என்று கேட்டிருந்தாய். பெட்டியின் மேல் அச்சிட்ட வர்ணப் படத்தில் மயங்கித் தீர்மானிக்கிறவனுக்குப் பாதி ஒட்டிய இறக்கைகளும் காய்ந்துபோன பசைக் குப்பிகளுமே மிச்சமாகும். ஆதலால், கைக்கு எட்டிய வேலை எது, மனசுக்குக் கிட்டிய சரித்திரம் எது என்ற இரண்டையும் சீர்தூக்கிக் கிரமம் வகுத்துக்கொள்வதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஹரிகேனைப் பிரி. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு பொழிய வந்தபோது, இரத்மலானையிலிருந்தும், குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கிக்கொண்ட கொழும்பு ரேஸ்கோர்ஸிலிருந்தும் எழும்பி எதிர்த்தவற்றில் முக்கியமானவை ஹரிகேன்களே. 1/72 அளவில் இறக்கையின் அகலம் 17 சென்டிமீட்டர்தான், உறுப்புகளும் சொற்பம். நிஜ விமானத்தின் பின்னுடம்பு துணி போர்த்தியதாகையால், மாதிரியிலும் அங்கே விலா எலும்புகள்போல் மெல்லிய வரிகள் புடைத்திருக்கும். முதுகின் இணைப்பை உப்புத்தாளால் தேய்க்கையில் அவ்வரிகளை அழித்துவிடாமல் நிறுத்தத் தெரிந்துவிட்டால், உன் கை பாதி தேறிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது கெட்டலினா. அந்தத் தாக்குதலுக்கு முந்திய தினம், கொக்கலை வாவியிலிருந்து புறப்பட்ட கனேடிய விமானி லெனார்ட் பர்ச்சல், ஜப்பானியக் கப்பற்படையைக் கடலில் கண்டு, தம்மைச் சுட்டு வீழ்த்தும் தறுவாயிலும் செய்தி அனுப்பினார். அவருடைய குழுவில் மூவர் மாண்டனர், அவரும் எஞ்சியோரும் கைதிகளாயினர். அவர் ஓட்டிய கெட்டலினா தண்ணீரிலேயே இறங்கும், சக்கரமில்லாத ரகம். உன் பெட்டியில் இருப்பது சக்கரமுள்ள ரகமானால், அந்தச் சக்கரக் குழிகளை அடைத்துச் சமப்படுத்தும் பிரயாசைக்குத் தயாராயிரு. அதே 1/72 அளவில் இறக்கை 44 சென்டிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் தண்டுகள் கோணாமல் நிற்கவேண்டும் என்பதால், ஹரிகேனைப் பூர்த்தி செய்யாதவன் இதைத் தொடலாகாது.

டீ.சீ. 8 விமானத்தை நீ முதலாவதாகக் குறித்திருந்தாய். 1974 டிசம்பர் 4 அன்று, ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து வந்து, கட்டுநாயக்காவில் இறங்குவதற்காகத் தாழ்ந்த மார்ட்டின்ஏர் விமானம் நம் சப்த கன்னியர் மலையில் மோதி, 191 பேரும் மாண்டதும், அதன் டயர் ஒன்று நம் ஊரில் நினைவுச் சின்னமாக இருப்பதும் நீ அறிந்ததே. அத்தனை பேருடைய ஞாபகத்தைச் சுமந்த விமானத்தைக் கை பழகுவதற்கான சாதனமாக்குவது முறையன்று. அன்றியும், பயணிகள் விமானத்தின் பளபளக்கும் வெள்ளை உடம்பு ஒரு விரல் ரேகையையும் மறைக்காது. மூக்கினுள் போதிய பாரம் வைக்காமல் ஒட்டிவிட்டால், வால் தரையில் குந்திவிடும். ஆகவே அது மூன்றாவதாகவே இருக்கட்டும்.

நம் மலைநாட்டின் ஈரத்தையும் மறவாதே. மூடுபனி இறங்கிய நாளில் அடித்த லாக்கர் வர்ணம் பால் படிந்தாற்போல் வெளுத்துவிடும். பளபளப்பு வேலைகளைத் தை, மாசி மாதங்களின் வெயிலுக்கு ஒதுக்கிவை. பழைய பெட்டிகளிலுள்ள டெக்கல் தாள்களில் உபயோகப்படாத துண்டொன்றை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பார். நொறுங்குமானால், மீதியின் மேல் தெளிவான வார்னிஷ் ஒருமுறை பூசிக் காயவிட்டு, அப்புறம் உருவத்தை ஒட்டி வெட்டி உபயோகி.

இம்மூன்றும் பூர்த்தியாகும்வரை புதுப் பெட்டி எதற்கும் பணம் செலவழிக்காதே. ஹரிகேனை இந்த வாரமே பிரித்து, உறுப்புகளைச் சவர்க்கார நீரில் கழுவிக் காயவைத்துவிட்டு எனக்குப் பதில் எழுது.

இங்ஙனம்,
உன் மாமன்