வகுப்பறையைப் படமாக வரையக் கற்பித்தல்

தேசப்படப் பாடம் என்றவுடன், சுவரில் தொங்கும் இலங்கைப் படத்தைக் கோலாற் சுட்டி, ஆறுகளின் பெயர்களை மாணாக்கரை ஒப்புவிக்கச் செய்வதே பெரும்பாலார் நினைவுக்கு வரும். ஆயின், தன் கையால் ஒரு சிறு படத்தையேனும் வரைந்தறியாத பிள்ளைக்கு அப்பெரும்படம் நிறந்தீட்டிய தாளன்றி வேறாகாது. ஆதலின், மாவடிப்பள்ளியில் நான்காந் தரப் பிள்ளைகளுக்கு இப்பாடத்தை அவர்கள் அமர்ந்திருக்கும் அறையிலிருந்தே தொடங்குகின்றோம். தமிழாசிரியருக்குத் தேசப்படத்தில் என்ன அலுவல் என்று வினவுவார்க்கு விடை பின்னர் வரும்.

முதலில், "வகுப்பறையை வரையுங்கள்" என்று மட்டுஞ் சொல்லித் தாளைக் கொடுத்தல் வேண்டும். ஏறக்குறைய எல்லாரும் வரைவது சித்திரமேயன்றித் தேசப்படமன்று. மேசையின் நான்கு கால்களும் பக்கவாட்டில் விரிந்திருக்கும். கரும்பலகை நிமிர்ந்து நிற்கும். வரைந்தவனுடைய வாங்கு ஆசிரியரின் மேசையினும் பெரிதாயிருக்கும். இதனைக் குற்றமென்று சிவப்பு மையாற் கோடிடலாகாது. சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் பியாஜே, மூன்று மலைகளின் உருவங்களை மேசைமேல் வைத்து, எதிர்ப்புறத்திலுள்ள பொம்மைக்கு அவை எங்ஙனந் தோன்றும் என்று சிறுவரை வினவினார். இளஞ்சிறார் தமக்குத் தோன்றிய காட்சியையே பொம்மைக்கும் உரியதாகக் காட்டினர். தொலமி என்னும் பழைய புவிநூலாரும் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நம் தீவை உள்ளதினும் பன்மடங்கு பெரிதாகவே குறித்தார். பிள்ளை தன் வாங்கைப் பெருக்குவதில் வியப்பென்ன!

அடுத்து, தீப்பெட்டி, வெண்கட்டிப் பெட்டி, தேநீர்க் கோப்பை ஆகியவற்றை நிலத்தில் வைத்து, பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராக வாங்கின்மேல் ஏற்றி, நேரே குனிந்து பார்க்கச் செய்வோம். பின் அவற்றைத் தாளின்மேல் வைத்துச் சுற்றிக் கோடிழுக்கக் கோப்பை வட்டமாகவும் பெட்டிகள் நீள்சதுரமாகவும் எஞ்சும். "மேசையின் கால்கள் எங்கே போயின?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டன" என்றாள் மற்றொருத்தி. அதனினுந் தெளிவான வரைவிலக்கணத்தை நாம் எந்நூலிலுங் கண்டிலோம்.

அளவு பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுவரைக் கவடுகளால் அளந்து, ஒரு கவட்டுக்குக் கொப்பியில் ஒரு சதுரம் என்று கொள்ளலாம். நெட்டையனுக்குப் பன்னிரண்டு கவடாகும் சுவர் குட்டையனுக்குப் பதினைந்தாகும்; ஆகவே, அறை முழுவதையும் ஒரே பிள்ளை அளத்தல் வேண்டும். மிக நீண்ட சுவரை முதலில் அளந்து வரைந்துகொள்க. லாம்ரன் என்பார் 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் நுணுகி அளந்த பின்னரே இந்தியப் பெருநிலத்தின் முக்கோண அளவையைத் தொடர்ந்தார் என்று சொன்னால், பிள்ளைகள் தம் சுவரை மறுமுறையும் அளப்பர்.

இனி, இப்பாடத்தின் முடிச்சு திசையில் உள்ளது. தமிழாசிரியர்க்கு அலுவல் இங்கேதான். சுவரிலே படத்தைத் தொங்கவிட்டு, "மேலே இருப்பது வடக்கு" என்கின்றோம். ஆயின், நம் மொழியில் 'மேல்' என்பது மேற்கைக் குறிக்குஞ் சொல். 'கீழ்' கிழக்கைக் குறிக்கும். சோழர் கல்வெட்டுக்கள் நிலத்தின் எல்லை கூறுகையில் கீழ்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை என்றே கூறும். மேற்கே மலையும் கிழக்கே கடலும் உடைய நாட்டிற் பிறந்த சொற்கள் இவை. நம் ஊருக்கும் அவை அப்படியே பொருந்தும். இங்கினியாகலைப் பக்கமிருந்து வயலுக்கு வரும் நீர், காரைதீவுக்கு அப்பாலுள்ள கடலை நோக்கிக் கீழே இறங்குவதைப் பிள்ளைகள் நாடோறுங் காண்கின்றனர். எழுவான்கரை, படுவான்கரை என்னும் மட்டக்களப்பு வழக்குகளும் அவர்கள் காதில் விழுந்தவையே. இத்தனை அறிவுடைய பிள்ளையிடம் வடக்கை வானத்திற் காட்டினால் அவன் மயங்காது என் செய்வான்?

ஆகையால், படத்தை நிலத்திலே விரித்தல் வேண்டும். தாளின் கரும்பலகைப் பக்கம் மெய்க் கரும்பலகையை நோக்குமாறு திருப்பி வைத்து, காலையில் வெயில் விழும் யன்னலைக் காட்டிக் கிழக்கைக் குறிக்கச் செய்க. எல்லாரும் குறித்த பின்னரே சுவரில் தொங்கவிடலாம்.

இவ்வூர்ப் பிள்ளைகளிடம் மற்றொரு செல்வமும் உண்டு. கிப்லாத் திசையை ஆறு வயதுப் பிள்ளையும் தவறாது காட்டும். "அது எத்திசை?" என்றால் "மேற்கு" என்பர். திசைகாட்டியை வைத்துப் பார்க்கையில், நம் பகுதிக்கு அது நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே சாய்ந்திருப்பது புலப்படும். மக்கா நமக்கு வடமேற்கில் எங்கோ இருப்பதை உணர்ந்த பிள்ளை, உலகப் படத்தைத் தானே கேட்டு வாங்குகிறது. சைவப் பள்ளியிற் கற்பிப்போர் கிழக்கு நோக்கிய கோயில் வாயிலை இவ்வாறு எடுத்தாளலாம்.

அறை முடிந்தபின், பள்ளியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் வழியை வரைவிக்கின்றோம். இதனை விளையாட்டாகக் கொள்ள நம் ஊருக்கு இயலாது. 2004 திசம்பர் 26இல் கடல் புகுந்ததை இக்கரை முழுவதும் அறியும். 2024 நவம்பர் 26இல் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை மூடிய வெள்ளத்தில், மதரசா மாணவர் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு இளம் உயிர்கள் மாண்டன. இன்று நம் பிள்ளைகள் வரையும் வழிப்படத்தில், மாரியில் நீர் நிற்கும் இடங்கள் நீலத்தாலும், நீர் ஏறாத மேட்டு நிலங்கள் செந்நிறத்தாலும் தீட்டப்படுகின்றன. அப்படத்தை வீட்டுக்குக் கொண்டுசென்று பெரியோரிடங் காட்டுமாறு பணிக்கின்றோம். "இவ்விடத்தில் மதகு உண்டு, நீர் இன்னுந் தொலைவு ஏறும்" என்று பாட்டனார் பென்சிலாற் குறித்துத் திருப்பியனுப்பிய படங்கள் நம் அலுமாரியில் உள்ளன. ஐப்பசி பிறக்குமுன் அவற்றை வெளியே எடுத்து, அவ்வாண்டுப் பிள்ளைகளைக் கொண்டு மீண்டும் சரிபார்க்கின்றோம்.