கொர்பான் என்னும் சாக்கு

மாற்கு 7:9-13 வசனங்களை வாசித்துப் பாருங்கள். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல், "அது கொர்பான், தேவனுக்கென்று வைத்த காணிக்கை" என்று கையை விரித்தார்கள் சிலர். இயேசு அதைப் பக்தியாக எண்ணவில்லை, கண்டித்தார்.

நம்முடைய கொர்பான் நேரமாக இருக்கலாம். உபவாச ஜெபம், கைப்பிரதி ஊழியம், வீட்டுக் கூட்டம் என்று நானும் ஓடினேன். ஒருநாள் ராத்திரி என் அம்மா, "ஊருக்கெல்லாம் ஜெபிக்கிறியே ஐயா, எம் பக்கத்துல அஞ்சு நிமிஷம் உட்காரக் கூடாதா?" என்றார்கள். என் வாய் அடைத்துப்போயிற்று.

சிலுவையின் வேதனையிலும் நம் ஆண்டவர் தம்முடைய தாயை மறக்கவில்லை. தமக்கு அன்பான சீஷனிடம் ஒப்புவித்தார் (யோவான் 19:26,27).

நாம் என்ன செய்யலாம்?

1. காது மந்தமானவர்களிடம் கத்தாதீர்கள். எதிரே உட்கார்ந்து, உங்கள் முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள்.

2. கண் மங்கினவர்களுக்குத் தினமும் ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டுங்கள்.

3. மாத்திரை வாங்கி வைத்ததோடு விடாமல், வேளாவேளைக்குப் போட்டார்களா என்று பாருங்கள்.

4. சொன்னதையே சொன்னாலும் சலிக்காமல் கேளுங்கள்.

இந்த வாரம் கூட்டத்துக்குக் கிளம்புமுன் அவர்கள் கட்டிலண்டை பத்து நிமிஷம் உட்காருவோமா? அதுவும் ஆராதனைதான். ஆமென்.