தேடியவர் எழுதாமல் விட்ட குறை

திறந்த தரவுத் தளப் பணிக்குப் புதிதாக வரும் இளையவருக்கு,

அரசிடம் உள்ள புள்ளிவிவரங்களை எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் பகிரவும் உரிமை தந்து வெளியிடுவதே திறந்த தரவு எனப்படுகிறது. இந்தியாவின் தேசியத் தரவுப் பகிர்வு, அணுகல் கொள்கை 2012இல் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டில் தேசியத் தகவல் மையம் உருவாக்கிய திறந்த தரவுத் தளமும் வந்தபின், எத்தனை அட்டவணைகள் ஏற்றப்பட்டன என்பது பெருமையாகப் பேசப்படுகிறதேயன்றி, அவை தேடுவோர் கைக்குச் சேர்ந்தனவா என்ற கேள்வி பின்தங்கியே நிற்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசிரியர் ஒருவர் தம் ஊரின் மக்கள்தொகை வளர்ச்சியை மாணவர்க்குக் காட்ட விரும்புகிறார் எனக் கொள்ளலாம். அவ்வூர் 1981 கணக்கெடுப்பில் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985இல் அம்மாவட்டம் பிரிந்ததால் 1991இல் காமராசர் மாவட்டத்திலும், 1997இல் பெயர் மாறியதால் 2001இல் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கிறது. பழைய அட்டவணைகள் ஏற்றப்பட்டிருந்தாலும் விருதுநகர் என்று தேடுபவருக்கு அவை அகப்படா. போதாக்குறைக்கு, ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டும் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடும். அந்த ஆசிரியர் குறை எழுத மாட்டார். தரவே இல்லை என முடிவுசெய்து போய்விடுவார்.

ஆகவே கருத்துப் பெட்டியை மட்டும் நம்புவது தவறு. தளத்தை ஏற்கெனவே அறிந்தவரே அதில் எழுதுகிறார். நட்சத்திர மதிப்பீடும் அதிகம் உதவாது, இரண்டு நட்சத்திரம் இட்டவருக்கு எது கிடைக்கவில்லை என்பதை அது சொல்வதில்லை. விடை கிடைக்காத தேடற்சொற்களின் பதிவே மிக நேர்மையான கருத்து. அதை வாரந்தோறும் வாசித்து, மாற்றுப்பெயர்களையும் பழைய மாவட்டப் பெயர்களையும் மேனிலைத் தரவில், அதாவது தரவைப் பற்றிய விவரக் குறிப்பில், சேர்க்க வேண்டும்.

அடுத்தது பயன்படுதன்மைச் சோதனை: பயனர் ஒருவரிடம் ஒரு வேலையைத் தந்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று குறுக்கிடாமல் பார்ப்பது. ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என 2000இல் பயன்படுதன்மை வல்லுநர் ஜேகப் நீல்சன் எழுதினார். அந்த ஐவரை அலுவலகத்துக்குள் தேடாமல் இராஜபாளையத்துக் கமிஷன் கடையிலும், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி விசைத்தறிக் கூடத்திலும் தேடுவது நல்லது. எடுத்துக்காட்டாக, வேளாண் சந்தை விலை அட்டவணை குறைந்த விலை, அதிக விலை, முகட்டு விலை என மூன்றைக் குவிண்டால் கணக்கில் தருகிறது. கிலோவில் பேசிப் பழகிய கடைக்காரர், சரக்கில் பெரும்பகுதி கைமாறிய விலையே முகட்டு விலை என்பதை அறியாமல், கைபேசித் திரையில் எந்த எண்ணை நம்புவது என்று திகைத்து நிற்பார். நெடுவரிசைத் தலைப்பின் கீழ் ஒரு வரி விளக்கமும், கிலோவுக்கு மாற்றிக் காட்டும் வசதியும் அத்திகைப்பைத் தீர்க்கும். தளத்தின் முகப்பை அழகுபடுத்துவது தீர்க்காது.

எழுதிவந்த குறைக்கு மறுமொழி தருவது கட்டாயம். தளப் பணியாளர் எண்களைத் தாமே திருத்தலாகாது. அது தரவைத் தந்த துறையின் பொறுப்பு. எனவே எந்த அட்டவணை, எந்த வரிசை, எந்த ஆண்டு என்று குறித்து அத்துறைக்கு அனுப்பிவிட்டு, யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைக் குறை சொன்னவருக்கும் தெரிவித்து, திருத்தம் வந்த நாளில் அந்த அட்டவணையிலேயே தேதியுடன் பதிய வேண்டும்.