சப்பாணி கொட்டுவது பராமரிப்பா, கலையா?

மலேசியாவில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் தாஸ்கா. ‘தாமான் அசுஹான் கானாக்-கானாக்’ என்பதன் சுருக்கம் அது. நான்கு வயதுக்கு மேல் தாடிகா. அதன் விரிவு ‘தாமான் டிடிக்கான் கானாக்-கானாக்’. முன்னதன் பெயரில் பேணுதல் இருக்கிறது. பின்னதன் பெயரில் கல்வி இருக்கிறது. சட்டங்களும் வேறு: தாஸ்காவிற்கு 1984ஆம் ஆண்டுச் சட்டம், தாடிகாவிற்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அங்கே பணிபுரிபவர் ‘பெங்காசு’, இங்கே ‘குரு’. பெயரில் விழுந்த இக்கோடு பணிபுரிவோர் மனத்திலும் விழுந்துவிட்டது என்பேன்.

பால் கொடுப்பது, பெம்பர்ஸ் மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் ‘வேலை’. அவை முடிந்தபின் நடப்பதே ‘நடவடிக்கை’. கலை அதற்குள் அடங்கிவிடுகிறது. அதுவும் எப்படி? மயிலைப் பெரியவரே வரைந்து வெட்டி வைத்திருப்பார். குழந்தையின் கட்டைவிரலைச் சாயத்தில் தோய்த்து நான்கு இடங்களில் ஒற்றுவார். சுவரில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், மயில் யாருடையது? பராமரிப்பாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மாலையில் அழைத்துப்போக வரும் பெற்றோர், “இன்றைக்கு என்ன படித்தான்?” என்றுதானே கேட்கிறார்கள்! காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டியிருக்கிறது.

ஒன்றரை வயதுக் குழந்தை வண்ணக்கோலை முழுக் கையால் பற்றி, கை முழுவதையும் அசைத்துத்தான் கிறுக்குகிறது. தன் கையசைவு தாளில் தடம் விடுகிறது என்று கண்டுகொள்வதே அவ்வயதின் ஓவியம். விக்டர் லோவன்ஃபெல்டு 1947இல் வெளியிட்ட நூலில் கிறுக்கலை ஒரு வளர்ச்சிப் படிநிலையாகவே வகுத்தார்.

பராமரிப்பும் வெறும் வேலையன்று. ஹங்கேரி மருத்துவர் எம்மி பிக்லர் 1946 முதல் புடாபெஸ்ட்டில் நடத்திய குழந்தைகள் இல்லத்தில், சட்டை மாட்டுமுன் கையை நீட்டச் சொல்லிவிட்டு, குழந்தை தன் பங்கைச் செய்யக் காத்திருக்கும்படி செவிலியருக்குப் பயிற்சியளித்தார்.

எங்கள் விரிவுரைகளில் இத்தகைய மேலைநாட்டுப் பெயர்கள்தாம் அடிபடுகின்றன, பிள்ளைத்தமிழ் வருவதில்லை. அதன் பருவங்களைப் பாருங்கள். தால் என்பது தாலாட்டு. சப்பாணி என்பது கைகொட்டல். அம்புலி என்பது நிலவை விளையாட அழைத்தல். சிறுபறை என்பது பறை முழக்கல். புலவர்கள் கடவுளையும் அரசனையும் பாடினாலும் வடிவத்தை வீட்டுக்கூடத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். தாலாட்டில் தூங்கவைப்பது எது, பாட்டு எது என்று பிரித்துக் காட்ட முடியுமா?

2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர். ஆளுக்கு மூன்று முறை பெம்பர்ஸ் மாற்றினாலும் நாளொன்றுக்குப் பதினைந்து தடவை ஒரே ஒரு குழந்தையின் முகம் பார்த்துப் பேச வாய்க்கிறது. அப்போது கைகொட்டிப் பாட எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை. தமிழ்க் குழந்தைகள் வரும் தாஸ்காவில் அந்தப் பாட்டு தமிழிலேயே இருக்கலாம். வீட்டில் தமிழ் குறைந்துவரும் குழந்தைக்கு நாளில் காதில் விழும் தமிழே அதுவாகவும் இருக்கலாம். கிறுக்கிய தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது, “பத்து நிமிடம் சிவப்பை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தான்” என்று பின்புறம் ஒரு வரி எழுதினால், மறுநாள் பெற்றோர் கேட்கும் கேள்வியும் மாறக்கூடும்.