காலித் தொட்டியில் காத்திருக்கும் கொசு!

ஆடிப்பட்டத்தில் மொட்டை மாடியில் போட்ட வெண்டை, ஐப்பசி வரும்போது தளர்ந்துவிடும். தொண்ணூறு, நூறு நாள்தான் அதன் ஆயுசு. புடலையும் பீர்க்கும்கூட இலை பழுத்து, ‘இனி என்னால் ஆகாதும்மா’ என்று கைவிரித்துவிடும். மழை வேறு பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று மாடிக் கதவைச் சாத்திவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். விதை போட்டபோது இருந்த அக்கறையில் கால்வாசிகூட, தோட்டத்தை ஒதுங்க வைக்கும்போது இருப்பதில்லை. வீட்டிலுள்ளவர்களின் ஆரோக்கியத்துக்கு அந்தச் சில நாள் வேலைதான் முக்கியம்!

முதலில் எதைப் பிடுங்குவது, எதை விடுவது? அவரையில் கை வைக்காதீர்கள். பனி விழும் காலத்தில்தான் அது காய்த்துக் கொட்டும். கத்தரி, மிளகாயும் இருக்கட்டும். நரம்பெல்லாம் மஞ்சளாகிப்போன வெண்டையை மட்டும் தயங்காமல் பிடுங்குங்கள். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய்.

பிடுங்கியாயிற்று. காலித் தொட்டி? அதை அப்படியே மூலையில் வைத்துவிடுகிறோமே, வம்பு அங்கேதான் ஆரம்பம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. தெளிந்த மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கினால் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, பூவாளி, கொட்டாங்கச்சி, மடித்துப்போட்ட பிளாஸ்டிக் ஷீட்டின் பள்ளம் எல்லாமே அதற்குப் பிரசவ வார்டுதான். துவாரம் அடைத்துப்போன தொட்டியில் மண்ணுக்கு மேல் நிற்கும் தண்ணீரையும் அது விடாது. முட்டை, கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும்.

“அதான் தண்ணியைக் கொட்டிட்டேனே!” என்கிறீர்களா? பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஏடிஸ் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. அடுத்த மழையில் தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் பொரித்துவிடும். ஆகவே தட்டு, தொட்டி, வாளி எல்லாவற்றையும் சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் உள்பக்கம் அழுத்தித் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மழைக்காலம் முடியும்வரை செடிகளுக்கு அடித்தட்டே வேண்டாம். மழைத்தண்ணீர் பிடிக்கும் டிரம்மின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்றே வைத்துக்கொள்ளுங்களேன், மாடியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. உங்களைக் கடிப்பது பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ வளர்ந்ததாகத்தான் இருக்கும். அதுவும் பகலில் கடிக்கிற ரகம். ராத்திரி கொசுவலைக்குள் படுப்பதால் மட்டும் தப்பிக்க முடியாது.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மழையில் மாடித்தளம் பாசி பிடித்து வழுக்கும். ஈர மண் நிறைந்த தொட்டியோ கல்லாகக் கனக்கும். தூக்கும் வேலையை வீட்டிலுள்ள இளவட்டங்களிடம் விட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு யாருக்காவது காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பு வலிக்கிறதே என்று ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அதிகமாகலாம். காய்ச்சல் இறங்கிய நாளில் ‘அப்பாடா’ என்று இருந்துவிடாதீர்கள். டெங்குவில் ஆபத்துக் கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசாதாரணச் சோர்வு... இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கைவைத்தியம் செய்துகொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

மழை ஓய்ந்து, கார்த்திகைக் கடைசியில் வெயில் தலைகாட்டியதும் முள்ளங்கி, கீரை விதைக்கலாம். அதுவரை தொட்டிகள் கவிழ்ந்தே கிடக்கட்டும்.